டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் பண்டமாற்று: அட்டவணை அருமை, புதையலில்தான் காணோம்

ஆளுக்கொரு கதாபாத்திரமாக இருந்து கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், ஆட்டக்காரர்களுக்கான விதிநூலான ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் (2014), ஆயுதங்களும் கவசங்களும் வரும் அத்தியாயத்தில் வணிகச் சரக்குகளுக்கென்று ஒரு சின்ன அட்டவணை உண்டு. பலரும் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள். காசில்லாப் பொருளாதாரத்தை ஆட்டத்துக்குள் கொண்டுவர நினைக்கும் டிஎம்முக்கு (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) அந்த நூலில் இதைவிட உபயோகமான பகுதி குறைவு.

கோதுமை பவுண்டுக்கு 1 செம்புக் காசு, உப்பு 5. வெள்ளாடு 1 தங்கக் காசு, பவுண்டு மிளகு 2, பசு 10, எருது 15. 100 செம்பு ஒரு தங்கம் என்பதால் ஓர் எருதுக்கு 1,500 பவுண்டு கோதுமை என்று உடனே கணக்குப் போட்டுவிடலாம். கூலியும் இதில் சேரும். தனித் திறமை தேவைப்படாத வேலைக்கு நாளுக்கு 2 வெள்ளிக் காசு. ஒரு வெள்ளாட்டுக்கு ஐந்து நாள் வேலை, ஒரு பசுவுக்கு ஐம்பது நாள். கோட்டைச் சுவரைச் செப்பனிட ஆள் தேடும் ஆட்டக்காரர் குழு, மாட்டை ஓட்டிக்கொண்டு போயே பேசி முடிக்கலாம்.

எடைக் கணக்கும் சரியாக நிற்கிறது. 50 காசு ஒரு பவுண்டு. 1,000 தங்கக் காசு மதிப்பைச் செம்பாகக் கொடுத்தால் 2,000 பவுண்டு. வலிமை மதிப்பெண் 15 உள்ள கதாபாத்திரம் சுமக்கக்கூடியதோ 225 பவுண்டு. அதே மதிப்புக்குக் குங்குமப்பூ 67 பவுண்டுக்குள் அடங்கிவிடும். மாடு தானாக நடந்து வரும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 10 பவுண்டு தீவனம் வேண்டும்.

குறை விற்கும் இடத்தில் வருகிறது. ஆயுதமும் கவசமும் பாதி விலைக்குப் போகும். ரத்தினம், கலைப்பொருள், வணிகச் சரக்கு மூன்றும் முழு விலைக்குப் போகும் என்பது விதி. எங்கே விற்றாலும் ஒரே விலை என்றால் பேரம் பேச என்ன இருக்கிறது? உப்பளத்தை ஒட்டிய ஊரும் மலையூரும் உப்புக்கு ஒரே விலை தரும். ஊருக்கு இரண்டு தட்டுப்பாட்டுச் சரக்கு, ஒரு மிகுதிச் சரக்கு என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தட்டுப்பாட்டுக்கு ஒன்றரை மடங்கு, மிகுதிக்குப் பாதி, மற்றதெல்லாம் அட்டவணை விலை. ஒரு வரம்பும் கட்டாயம் வேண்டும். பாதிக்கு வாங்கி ஒன்றரைக்கு விற்றால் ஒவ்வொரு நடைக்கும் பணம் மூன்று மடங்காகும். ஆட்டக்காரர்கள் அதை இரண்டாவது நடையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு வருகைக்கு 100 தங்கக் காசு மதிப்பு வரைதான் கூடுதல் விலை என்று வைத்தால் அடங்கும்.

இதைவிடப் பெரிய குறை, டிஎம்முக்கான வழிகாட்டி நூலான டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடின் (2014) புதையல் அட்டவணைகளில் இந்தச் சரக்குகள் வருவதே இல்லை. பகடை உருட்டினால் காசு, ரத்தினம் அல்லது கலைப்பொருள், மந்திரப் பொருள், அவ்வளவுதான். வந்த காசில் ஒரு பகுதியை நீங்களே சரக்காக மாற்ற வேண்டும். 150 தங்கக் காசு என்றால் ஆறு பசு, 30 பவுண்டு மிளகு, 600 பவுண்டு உப்பு. இப்போது குழுவுக்கு வண்டி வேண்டும், வழிக்காவல் வேண்டும்.

கலைப்பொருள் பட்டியல் மட்டும் இங்கே மனதைக் கவர்கிறது. 25 தங்கக் காசு வரிசையில், உள்ளே உருவம் தீட்டிய தங்க லாக்கெட் ஒன்று இருக்கிறது. அந்த முகம் யாருடையது என்று டிஎம் முடிவு செய்துவிட்டால், வணிகருக்கு 25 காசான பொருள் அந்த வீட்டாருக்கு ஒரு படகுக்குச் சமம்.

வைரத்தில்தான் அதிகம் சண்டை வரும். இறந்தவரை உயிர்ப்பிக்கும் ரெவிவிஃபை மந்திரம் 300 தங்கக் காசு மதிப்புள்ள வைரங்களை விழுங்கிவிடும். பேரம் பேசி 240க்கு வாங்கினால் மந்திரம் பலிக்குமா? பலிக்கும் என்று வையுங்கள். மதிப்பு கல்லுக்கு உரியது, கொடுத்த விலைக்கு அல்ல. இதை முதல் நாளே சொல்லிவிட்டால், சின்ன ஊரில் காசு நிறைய இருந்தும் வைரம் கிடைக்காத நிலை வரும்போது யாரும் குறைசொல்ல மாட்டார்கள்.

பரிந்துரைக் கடிதம், நிலம், சிறப்புரிமை போன்ற வெகுமதிகளையும் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு சொல்கிறது, விலையில்லாமல். ஊரார் குழுவுக்கு 100 தங்கக் காசு தர வழியில்லாதபோது, அதற்குப் பதில் மொத்தம் 500 நாள் கூலிவேலையைத் தரச் சொல்லுங்கள். தொகை சரியாக வரும்.