மலை வீட்டுக்குப் புத்தகம்: அச்சா, மின்வாசிப்பானா, நூலகமா?

பயணம், வரலாறு, நாவல் என்று கலந்துகட்டி வாசிக்கிறவர்கள் நீலகிரியிலோ கொடைக்கானலிலோ குடியிருந்தால், புத்தகம் நல்லதா இல்லையா என்பதற்கு முன்பே வேறொரு கேள்வி வந்துவிடுகிறது: இதை எந்த வடிவில் வாங்குவது? இரண்டு மழைக்காலம் தாண்டியதும் அட்டையில் வெள்ளைப் பூசணம், தாளில் பழுப்புப் புள்ளி, தைத்த இடத்தில் ராமபாணப் பூச்சி. இதற்குப் பயந்தே குன்னூர், கோத்தகிரி பக்கம் நல்ல வாசகர்கள் பலர் கிண்டில் போன்ற மின்வாசிப்பானுக்கு மாறிவிட்டார்கள். சிலர் வாங்குவதையே விட்டுவிட்டு நூலக அட்டையோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அச்சுப் புத்தகம் என்றுதான் முடிவு. இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

தாளின் மணம், கண் வலி, வீட்டில் இடம் போதாமை எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை, விட்டுவிடலாம். மின்வாசிப்பானில் ஆயிரம் புத்தகம் அடங்கும், ராத்திரி கரண்ட் போனாலும் உள்விளக்கில் படிக்கலாம், போர்வைக்கு வெளியே ஒரு கையை மட்டும் நீட்டினால் போதும். டிசம்பர் மாத ஊட்டியில் இந்தக் கடைசி வசதியைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் கம்பளிக் கையுறை போட்ட விரலைத் தொடுதிரை கண்டுகொள்ளாது. பக்கம் திருப்பப் பொத்தான் வைத்த மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

வகைவாரியாகப் பார்த்தால் பயண நூலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எங்கே தங்குவது, எப்படிப் போவது என்று சொல்லும் வழிகாட்டியை அச்சில் வாங்குவது வீண். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. அதற்கு முன்பு அச்சான எந்த வழிகாட்டியிலும் அது இருக்காது. பேருந்து நேரம், நுழைவுக் கட்டணம், மூடிய பாதை எல்லாம் இதே கதை. இன்னொரு வகை, ஒருவர் போய்வந்து எழுதியது. ஆங்கிலப் பயணி ரிச்சர்ட் பர்ட்டன் நோய் விடுப்பில் கோவா வழியாக உதகைக்கு வந்து, 1851-ல் வெளியிட்ட பயண நூலில் உள்ள எந்தத் தகவலும் இன்றைக்குப் பயணிக்கு உதவாது. ஆனால் அந்த மனிதருடைய சலிப்பும் நக்கலும் இன்னும் புதிதாகவே இருக்கின்றன. இது வெறும் உரைநடை, எந்த வடிவிலும் ஓடும். படங்களுக்காகவே வாங்கும் பெரிய வண்ணப் பயண நூலுக்குத்தான் அச்சு கட்டாயம். கறுப்பு வெள்ளைத் திரையில் சோலைக்காட்டுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் வித்தியாசமே தெரியாது.

வரலாற்று நூலில்தான் மின்வாசிப்பான் முதலில் தடுக்கி விழுகிறது. நீலகிரியைப் பற்றிய அடிப்படை நூல்கள் எல்லாம் பழையவை: கிரிக் தொகுத்த 1880-ஆம் ஆண்டு மாவட்டக் கையேடு, தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் எழுதிய 1906-ஆம் ஆண்டு ஆய்வு, பிரான்சிஸ் எழுதிய 1908-ஆம் ஆண்டு கெசட்டியர், அதாவது மாவட்ட விவரத் தொகுப்பு. காப்புரிமை முடிந்தவை என்பதால் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் எழுத்துக் கோப்பாக இல்லை, பக்கத்தைப் படமெடுத்த பிடிஎஃப் ஆக. 6 அங்குலத் திரையின் அகலம் சுமார் 9 சென்டிமீட்டர். டெமி அளவுப் புத்தகப் பக்கத்தின் அகலம் 14 சென்டிமீட்டர். பக்கம் 64 சதவீதமாகச் சுருங்குகிறது. 10 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து ஆறரைப் புள்ளி ஆகிவிடும். அடிக்குறிப்பு எறும்பு மாதிரி ஊரும். பக்கத்தின் நாலு ஓரத்தையும் வெட்டிவிட்டு ஏற்றினால் எட்டரைப் புள்ளி வரை தேறும், அதோடு சரி. ரிவர்ஸ் நூலின் வம்சாவளி அட்டவணைகளை இந்தத் திரையில் படிக்க முயல்வது வீண் வேலை. இந்த வகைக்காகத்தான் கருவி வாங்குகிறீர்கள் என்றால் 10 அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள்.

அதைவிடப் பெரிய குறை, மடிப்பு வரைபடம். பழைய நூல்களின் கடைசியில் மடித்து ஒட்டிய வரைபடத்தைப் பிரிக்காமலே படமெடுத்த பிரதிகள் இணையத்தில் ஏராளம். அந்தப் படங்களை வைத்தே கேட்டதும் அச்சடித்துத் தரும் மறுபதிப்புகளிலும் வரைபடம் இருக்காது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பிறகுதான் தெரியவரும். வாங்கும் முன் பொருளடக்கத்தில் எத்தனை வரைபடம் போட்டிருக்கிறது என்று எண்ணி, விற்கிறவரிடம் அத்தனையும் உண்டா என்று கேட்டுவிடுங்கள். சரியாகப் பதிப்பித்த மறுபதிப்பு கிடைக்காவிட்டால், விரித்துப் பார்க்க உதகையில் 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகம் மாதிரி ஓரிடத்துக்குத்தான் போக வேண்டும்.

நாவலுக்கு வந்தால் எங்கள் கட்சி கொஞ்சம் பலவீனம், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பெரும்பாலான நாவலை ஒருமுறைதான் படிக்கிறோம். அதற்குக் கிளை நூலகமே போதும், இல்லாவிட்டால் மின்பதிப்பு. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் வந்த பிறகு புதுப் புனைவுகள் நிறையவே அதில் கிடைக்கின்றன. நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்கள் இலவசமாகவே உண்டு. நீலகிரியின் படகர் மக்கள் வாழ்க்கையை மூன்று தலைமுறைக்கு விரித்துச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ போல, திரும்பத் திரும்ப எடுக்க வேண்டிய நாவலை மட்டும் அச்சில் வைத்துக்கொள்ளலாம். சாணித்தாளில் வரும் மாத நாவலை மலையில் சேர்த்துவைக்கவே வேண்டாம். மரக்கூழ் தாளில் உள்ள அமிலமே அதைத் தின்றுவிடும், ஈரம் அதை வேகப்படுத்தும்.

ஆக, கடைசியில் எல்லாம் பராமரிப்பில் வந்து நிற்கிறது. மின்வாசிப்பான் கட்சியின் ஒரே பலமான வாதமும் அதுதான்: ‘மலையில் தாள் தாங்காது.’ தாங்கும். மழை மேல் போடுகிற பழியில் பாதி அலமாரிக்கும் அதை வைத்த சுவருக்கும் சேர வேண்டியது.

கணக்கைப் பாருங்கள். அறையின் நடுவில் வெப்பம் 18 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். மழைபடும் வெளிச்சுவரின் உட்பக்கம் ராத்திரியில் 13 டிகிரிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றில் உள்ள நீராவி அதேதான். ஆனால் 13 டிகிரிக் காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு குறைவு. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 96 சதவீதம் ஆகிவிடும். பூசணம் முளைக்க 65, 70-ஐத் தாண்டினாலே போதும். இப்போது கண்ணாடிக் கதவு போட்ட ஸ்டீல் பீரோவை அந்தச் சுவரோடு ஒட்டித் தள்ளிவைத்திருக்கிறோம். முதுகுத் தகடு சுவரளவுக்குக் குளிர்கிறது, உள்ளே காற்று அசைவதில்லை, புத்தகங்களின் பின்பக்கம் நனைகிறது. தூசி படாமல் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

செய்ய வேண்டியது இது. இரண்டு அறைக்கு நடுவே உள்ள உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள். அடுப்பங்கரையின் புகைபோக்கி ஏறும் சுவர் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை. முதுகுப் பலகை இல்லாத திறந்த மர ரேக், சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, அடித்தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில். புத்தகங்களை நெருக்காமல், ஒரு விரல் நுழைய இடம் விட்டு நிறுத்துங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி ஒன்றை வாங்கி, மேசை மேல் வைக்காமல் புத்தகங்களுக்குப் பின்னால் வையுங்கள். அங்கே காட்டும் எண்தான் எண். 60-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 65-ஐத் தொட்டால் ஏதாவது செய்தாக வேண்டும்.

என்ன செய்வது? வெப்பத்தை ஏற்றுவதுதான் சுலபம். 13 டிகிரியில் 90 சதவீதம் இருக்கும் அறையை மின் ஹீட்டரால் 20-க்குக் கொண்டுவந்தால் ஈரப்பதம் 58-க்கு இறங்கிவிடும். கேஸ் ஹீட்டர் வேண்டாம்: 1 கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீர், ஆவியாக அறைக்குள்ளேயே வந்து சேரும். கரி அடுப்பை மூடிய அறையில் வைப்பது உயிருக்கே ஆபத்து, புத்தகப் பேச்சே வேண்டாம். இன்னொன்று, மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் நடப்பது: ஈரத்துணிக் கொடியும் புத்தக ரேக்கும் ஒரே அறையில். ஒரு கொடித் துணி காய்ந்தால் லிட்டர் கணக்கில் தண்ணீர் காற்றில் கலக்கும். கொடியை மாற்றுங்கள். சன்னலை வெயில் அடிக்கும் நேரத்தில் திறந்து, மஞ்சு ஏறுவதற்கு முன் சாத்திவிடுங்கள்.

கூடலூர், பந்தலூர், மஞ்சூர் பக்கத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கவனம் வேண்டும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. உதகைக்கு இரண்டும் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, பக்கங்களை விசிறிபோல் பிரித்து நிழலில் காற்றாட நிறுத்துங்கள். நேர் வெயிலில் வேண்டாம். இந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை, தாள் மஞ்சளாகி முதுகு வெளுத்துவிடும்.

வேப்பிலை, வசம்பு, நாப்தலின் உருண்டை எல்லாம் பூச்சிக்குத்தான், பூசணத்தை அவை தொடவே தொடாது. பச்சை வேப்பிலையாக வைத்தால் அதன் ஈரமும் சேர்ந்துகொள்ளும். சிலிக்கா ஜெல் திறந்த ரேக்கில் வீண். மூடியுள்ள 50 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிக்குள் கால் கிலோ போட்டால் வேலை செய்யும். நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து எடுத்தால் மறுபடி பயன்படும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள்.

பூசணம் வந்தேவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். இழுபட்டுத் தாளுக்குள் இறங்கிவிடும். முதலில் தனியாக எடுத்து நன்றாக உலரவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். லேமினேஷன் செய்த அட்டையை மட்டும் 70 சதவீத ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். பூச்சி என்றால் காற்றில்லாமல் கவரில் மூடி ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் கழியாமல் கவரைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் பனித்துளி கோத்துக்கொள்ளும். பளபளப்பான ஆர்ட் தாளில் அச்சான படநூல் நனைந்தால் அவசரம் அதிகம்: ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். ஒட்டியபடியே காய்ந்துவிட்டால் பிறகு பிரியாது.

வாங்கும்போதே கட்டுமானத்தையும் பாருங்கள். முதுகின் மேல்விளிம்பில் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகள் தெரிந்தால் தைத்தது; தட்டையாக இருந்தால் பசை மட்டும். குளிரில் பசை விறைத்துவிடுவதால் ஜனவரிக் காலையில் அழுத்தி விரித்தால் முதுகு விரிசல் விட்டுப் பக்கம் கையோடு வரும். துணி ஒட்டிய கெட்டி அட்டை பார்க்க அழகு. ஆனால் மாவுப்பசையும் துணியும் பூசணத்துக்கு முதல் பந்தி. மலைக்குத் தைத்த பைண்டிங், இருபுறமும் மடிப்புள்ள லேமினேட் மெல்லட்டை, இதுவே தோது.

இவ்வளவையும் சேர்த்தால் வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள் வேலை. மின்வாசிப்பானுக்கு இது எதுவும் இல்லை என்பது உண்மைதான். அதன் பேட்டரி மலைக்குளிரில் ஐந்தாறு வருஷம் தாண்டி எப்படி நிற்கும் என்பதில் எங்கள் அனுபவம் குறைவு, அதனால் அதைக் குறையாக எழுதவில்லை. கைமாற்றுவதில் மட்டும் தெளிவான வித்தியாசம்: வாங்கிய மின்பதிப்பை விற்க முடியாது, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் வழி சுருக்கம். தைத்த, புள்ளி விழாத வரலாற்று நூலுக்குப் பழைய புத்தகக் கடையில் எப்போதும் ஆள் உண்டு. அதே நூலில் பூசண வாடை அடித்தால் எடைக்குத்தான் போகும்.

நூலகத்தை முழுசாக நம்புகிறவர்களுக்கு ஒன்று. இரவல் வந்த புத்தகத்தையும் பழைய புத்தகக் கடையில் எடுத்ததையும் நேராக ரேக்கில் சேர்க்காதீர்கள். முதுகுப் பக்கம் முகர்ந்து பாருங்கள், கடைசிப் பத்துப் பக்கத்தைப் புரட்டுங்கள், வெள்ளைத் தாள் மேல் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். மாவுபோல ஏதாவது உதிர்ந்தால் இரவல் புத்தகம் மேசையிலேயே இருந்து திரும்பிப் போகட்டும். சொந்தப் புத்தகம் ஃப்ரீசருக்கு.