புஷ் செய்யாமலே காசு வாங்கிய லேப்: கச்சேரி ரோல் கொடுக்கும் முன் படியுங்கள்

மங்கலான மேடையில் வாசிப்பவர்களை பிலிமில் எடுக்கிறவரா நீங்கள்? இதைப் படித்துவிட்டு அப்புறம் ரோலைக் கொடுங்கள்.

போன மாதம் ஒரு சின்ன அரங்கில் வயலின் கச்சேரி. ஃபிளாஷ் போட்டால் வாசிப்பவருக்குத் தொந்தரவு, அதனால் இல்ஃபோர்டு எச்பி5 என்ற கறுப்பு-வெள்ளை பிலிம் ரோல் இரண்டையும், அதன் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண்) 400 என்றாலும், கேமராவில் 1600 என்று வைத்து, எஃப்/2, 1/60 நொடியில், வில் திசை திரும்பும்போது கை ஒரு கணம் நிற்கும் பாருங்கள், அதற்காகக் காத்திருந்து காத்திருந்து எடுத்தேன். 400 பிலிமை இப்படி எடுத்தால் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும், அதாவது நாலில் ஒரு பங்குதான் விழும், கழுவும்போது கூடுதல் நேரம் விட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். இதைத்தான் புஷ் என்பது. டிடி-எக்ஸ் டெவலப்பரில் (பிலிம் கழுவும் ரசாயனம்), 20 டிகிரியில், 400-க்கு 9 நிமிடம், 1600-க்கு 13 நிமிடம். அந்த நாலு நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு ரோலை பிலிம் கழுவும் லேபில் கொடுத்தேன். மேலே மார்க்கரால் "1600, இரண்டு ஸ்டாப் புஷ்" என்று எழுதி, வாயாலும் சொல்லி, புஷ்ஷுக்கென்று கேட்ட கூடுதல் காசையும் கட்டினேன். ஸ்கேன் மட்டும் வந்தது. முகங்கள் இருட்டில் கரைந்து கிடந்தன. நான் எடுத்ததில்தான் கோளாறு என்றார்கள். நானும் நம்பிவிட்டேன், இரண்டு நாள் மனசே சரியில்லை.

நெகட்டிவைக் கேட்டால் நாளை நாளை என்று இழுத்தார்கள், நாலு தடவை நடந்து வாங்கினேன். பிலிம் ஓரத்தில் இருக்கும் பெயரும் எண்ணும் தொழிற்சாலையிலேயே பதிந்து வருபவை, நம் கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புஷ் செய்திருந்தால் அந்த எழுத்தும் சேர்ந்து கறுத்திருக்கும். அதே லேபில் முன்பு சாதாரணமாகக் கழுவிய எச்பி5 ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் எழுத்து ஒரே அடர்த்தி! அதைக் காட்டியதும் "மெஷினில் அப்படித்தான் வரும்" என்று பேச்சை மாற்றினார்கள். காசும் திரும்பவில்லை. ஒருமுறை கழுவி முடித்த பிலிமை மறுபடி புஷ் செய்யவும் முடியாது.

புது லேப் என்றால் போனாலும் பரவாயில்லை என்கிற ரோலை முதலில் கொடுத்துப் பாருங்கள். எந்த டெவலப்பர், எத்தனை நிமிடம் என்று கேளுங்கள், ஒழுங்காகச் செய்கிறவர் தயங்காமல் சொல்வார். நெகட்டிவ் கைக்கு வராமல் ஸ்கேனை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஒரே இரவில் எடுத்த எல்லா ரோலையும் ஒரே இடத்தில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இரண்டாவது ரோலை நானே வீட்டில் 13 நிமிடம் வைத்துக் கழுவினேன். ஓரத்து எழுத்து நன்றாகக் கறுத்து வந்தது. வயலின்காரர் கண்ணை மூடியிருக்கிறார், தந்தியை அழுத்தும் விரல் நகம்கூடத் தெரிகிறது.