நரம்பு நடத்தைச் சோதனைத் தொகுப்பு: எங்கே நம்பலாம், எங்கே தயங்க வேண்டும்

வண்ணப்பூச்சுக் கரைப்பானோ ஈயமோ பூச்சிக்கொல்லியோ தொழிலாளியின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கத் தொடங்கும்போது, அதன் முதல் அடையாளங்கள் கைவேகம் குறைவது, மறதி, எரிச்சல் என்று மருத்துவரிடம் யாரும் எடுத்துச் செல்லாத சிறு மாற்றங்களாகவே இருக்கக்கூடும். அவற்றை எண்ணால் அளப்பதற்காக, 1983இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் உலக சுகாதார நிறுவனம் சார்பில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்த ஏழு சோதனைகளைக் கொண்டதே இத்தொகுப்பு.

இவற்றுள் நான் முதலிடம் தருவது சான்டா அனா பலகைக்குத்தான். பலகைக் குழிகளில் செருகியுள்ள முளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, அரைவட்டம் திருப்பி, மீண்டும் செருக வேண்டும்; 30 விநாடிகளில் எத்தனை முடிகின்றன என்பதை ஒவ்வொரு கைக்கும் தனித்தனியே எண்ணுகிறார்கள். எழுத்தறிவு தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை; பலகையும் நிறுத்து கடிகாரமும் இருந்தால் வயல் வரப்பிலேயே நடத்திவிடலாம். விளக்கு எரிந்தவுடன் பொத்தானை அழுத்தும் எதிர்வினைச் சோதனை சலிப்பூட்டுவது உண்மைதான். ஆனால் அந்தச் சலிப்பில்தான் கவனம் நழுவுவது தெரிகிறது என்பதால், சராசரி நேரத்தோடு, நேரங்கள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

எண்களுக்குக் குறியீடு எழுதும் சோதனையில்தான் எனக்குக் கவலை. பென்சிலை அதிகம் பிடித்துப் பழகாதவர் இதில் பின்தங்குவது இயல்பு; அந்தப் பின்னடைவை நஞ்சின் விளைவென்று எழுதிவிட்டால் அது அவருக்கு இழைக்கும் அநீதி. மனநிலை வினாத்தாளிலும் இதே போன்ற இடர் உண்டு: ஆங்கிலத்தில் நுண்ணிய வேறுபாட்டுடன் நிற்கும் பல சொற்களுக்குத் தமிழில் 'பதற்றம்' என்ற ஒரே சொல்தான் முதலில் வாயில் வருகிறது. படிப்புக் குறைந்தவர்களிடம் நடத்துவதாக இருந்தால், அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் உருவான, ஒன்பது பெரிய பொத்தான்களும் எளிய படிப்படியான விளக்கமும் கொண்ட கணினித் தொகுப்பே மேல் என்பது என் கருத்து.

எதை வாங்கினாலும், தனியொருவருக்கு நோய் உண்டா இல்லையா என்று இதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. வயதிலும் படிப்பிலும் ஒத்த இரு குழுக்களை ஒப்பிடவே இது ஏற்றது. மருந்து தெளிக்கும் பருவத்துக்கு முன்பும் பின்பும் ஒரே ஆட்களைச் சோதிப்பது இன்னும் நல்லது. ஆனால் இரண்டாம் முறை பழக்கத்தாலேயே கைவேகம் கூடிவிடும் என்பதால், மருந்தைத் தொடாத குழுவையும் அதே இரண்டு முறை உட்கார வைத்தாக வேண்டும்.