மரீன் பயிற்சியா, தரைப்படைப் பயிற்சியா?

அமெரிக்காவில், கடலிலிருந்து கரையேறித் தாக்கும் மரீன் படையில் புதிதாகச் சேர்பவருக்கு 13 வாரப் பயிற்சி. தரைப்படையில் 10 வாரம். பெரிய வித்தியாசம் வாரக்கணக்கில் இல்லை, அதட்டலில் இருக்கிறது.

மரீன் பயிற்சித் தளமான பாரிஸ் தீவில் பேருந்தை விட்டு இறங்கியதும் மஞ்சள் காலடித் தடங்களின்மேல் நிற்க வேண்டும். பயிற்றுநரின் கூச்சல் அங்கேயே ஆரம்பம். தரைப்படையிலும் முதல் நாள் வரவேற்பு இப்படித்தான் இருந்தது. ஃபோர்ட் பென்னிங் தரைப்படைத் தளத்தின் காலாட்படைப் பயிற்சிப் பிரிவு 2020-இல் அதைக் கைவிட்டு, குழுவாகச் செய்யும் சவால்களை வைத்தது. பயிற்சி இளகிவிட்டதென்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கத்தலுக்குப் பழகுவது வேறு, கட்டுப்பாடு வேறு. 1956-இல் இதே பாரிஸ் தீவில், ஒழுங்கு கற்பிப்பதாகச் சொல்லி இரவில் சதுப்பு ஓடைக்குள் நடத்திச் செல்லப்பட்டவர்களில் ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள்.

துப்பாக்கி சுடுவதில் மரீன்கள் ஒரு படி மேல்: 500 கெஜம் வரை. தரைப்படையில் 300 மீட்டர்தான். 40 இலக்குகளில் 23 விழுந்தால் தேர்ச்சி.

கடைசிச் சோதனை தரைப்படையில் 96 மணி நேரம். மரீனில் 54 தான், ஆனால் அரைத்தூக்கம், அரைவயிறு. அதை முடித்த பிறகே 'மரீன்' என்ற பெயர். அதுவரை வெறும் 'ரெக்ரூட்'.