சென்னையா, பெங்களூரா, வேலூரா: சைக்கிளுக்கு எந்த ஊர்?

வேலூர்க்காரர்களுக்கு வேலை தேடிப் போக இரண்டு திசைகள்: கிழக்கே சென்னை, மேற்கே பெங்களூர். இரண்டு ஊரிலும் சில வருடங்கள் இருந்திருக்கிறேன், இரண்டிலும் சைக்கிளில்தான் ஆபீஸ் போனேன். இப்போது ஊருக்கே திரும்பி, சத்துவாச்சாரியிலிருந்து தினமும் மிதிக்கிறேன்.

தரையைப் பார்த்தால் சென்னைதான். பெரும்பாலும் சமதளம், கியர் இல்லாத சைக்கிளே போதும். ரயில் நிலைய ஸ்டாண்டில் பூட்டிவிட்டு மின்சார ரயில் ஏறிவிடலாம். ஆனால் காலை எட்டரைக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், மாற்றுச் சட்டை இல்லாமல் நான் கிளம்பியதே இல்லை. பெங்களூர் அப்படியே தலைகீழ். சுமார் 900 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று, மர நிழல். ஏற்ற இறக்கம் மட்டும் தொடையைக் கடுக்க வைக்கும்.

இதெல்லாம் சமாளித்துவிடலாம். தனிப் பாதை இல்லாததுதான் பெரிய குறை. முயற்சி நடக்காமல் இல்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றது. பெங்களூரில் ஜெயநகரில் பாதை போட்டார்கள், 2020-ல் வெளிவட்டச் சாலையிலும் சைக்கிளுக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். ஜெயநகர்ப் பாதையில் நான் போனபோதெல்லாம் கார்கள் நின்றிருந்தன. வெறும் கோடு போட்டால் அது பார்க்கிங் ஆகிவிடும். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் சைக்கிள் பாதையைச் சாலையைவிடச் சற்று உயர்த்திக் கல் விளிம்பு கட்டியிருக்கிறார்கள், கார் அவ்வளவு எளிதில் ஏறாது. அங்கே நோரப்ரோ பகுதியின் முக்கியச் சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் சிக்னல்கள் வரிசையாகப் பச்சை விழும்படி அமைத்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

சரி, வேலூர்? தனிப் பாதை கிடையாது, வெயிலோ ஊரறிந்தது. ஆனாலும் மூன்றில் என் ஓட்டு வேலூருக்கே. காரணம் தூரம். காட்பாடியிலிருந்து பாகாயம் வரை, டவுன் பஸ் போகிற முழு நீளமுமே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சென்னையில் ஆபீஸுக்கு ஒருவழியாகவே அதற்கு மேல் மிதித்தேன். இங்கே பஞ்சர் கடைக்கும் வெகுதூரம் தள்ள வேண்டாம். பள்ளி விட்டதும் அரசு கொடுத்த சைக்கிள்களில் பிளஸ் ஒன் பிள்ளைகள் கூட்டமாக வரும்போது பஸ்ஸே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

கிரீன் சர்க்கிள்தான் பயம். நெடுஞ்சாலை வண்டிகளும் டவுன் பஸ்களும் ஒன்றாகத் திரும்பும் இடம். இன்றும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடக்கிறேன். கல் விளிம்பு கட்டிய பாதை முதலில் வர வேண்டியது அங்கேதான்.

அப்புறம் ஒரு ஆசை. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களிலிருந்து ஞாயிறுதோறும் காலை 7 முதல் மதியம் 2 வரை முக்கியச் சாலைகளில் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை, இப்போது அப்படி மூடும் சாலைகளின் நீளம் 100 கிலோமீட்டருக்கும் மேல். நமக்குக் கோட்டை அகழியை ஒட்டிய சாலை போதும், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம். என் மகளின் சைக்கிளில் பின்பக்கக் குட்டிச் சக்கரங்களைப் போன வாரம்தான் கழற்றினேன்.