மேடவாக்கத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தை அமைத்துக் கொடுத்தவர்: என் மதிப்பீடு

சென்னை மேடவாக்கத்தில் எங்கள் தனி வீட்டுக்கு முன்பக்கமும் ஒரு பக்கவாட்டுமாகக் கிட்டத்தட்ட 600 சதுர அடி மண் தரை இருக்கிறது. அதில் தோட்டம் போட்டுக் கொடுத்தவர் நாலைந்து ஆட்களை வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் செய்பவர். கடையோ பெயர்ப் பலகையோ கிடையாது. ஒரு முழு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் தோட்டம் தாங்கிவிட்டது, அதனால் இப்போது தைரியமாகச் சொல்லலாம், ரொம்ப நல்ல வேலை.

அவருக்கு முன்பு ஒரு நிறுவனத்தார் வந்து செல்போனில் படம் படமாகக் காட்டினார்கள். முன்னால் கொரியன் புல், சுவரோரம் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தின் வரிசை, நடுவில் வெள்ளைக் கூழாங்கல், எல்லாம் சேர்த்து ஒரே தொகை. எங்கள் முன்பக்கத்தில் மதியத்துக்கு மேல் வெயிலே கிடையாது, கொரியன் புல்லோ நல்ல வெயில் கேட்கும். கோனோகார்பஸ் நடத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் தடையே போட்டுவிட்டது. இது தெரியாதவர்களா, தெரிந்தும் விற்கிறார்களா என்று யோசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

இவர் வந்ததும் என்ன பூ பிடிக்கும் என்று கேட்கவில்லை. மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும், சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) எங்கே, செப்டிக் டேங்க் எங்கே, குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்றுதான் கேட்டார். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை புரியும். அப்புறம் கடப்பாரையால் இரண்டு மூன்று இடத்தில் ஓரடிக் குழி எடுத்து, வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டார். வாசல் பக்கம் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிட்டது, கிழக்கு மூலையில் அப்படியே நின்றது. அங்கே இன்னும் தோண்டினால் உடைந்த செங்கல், சிமென்ட் காரை, ஒரு சாக்குத் துண்டு கூட வந்தது, வீடு கட்டியபோது கொட்டி மூடியது. "இதை எடுக்காம எதை வெச்சாலும் நிக்காது சார்" என்றார். செலவில் பெரும்பகுதி செடிக்குப் போகவில்லை, இடிபாட்டை அள்ளுவதற்கும் செம்மண்ணுக்கும் மக்கிய எருவுக்கும்தான் போனது. அது சரியான செலவு என்பதை வடகிழக்குப் பருவமழையில் பார்த்தோம்.

கொட்டேஷனையும் பிரித்துப் பிரித்து எழுதிக் கொடுத்தார். மண் எத்தனை யூனிட், எரு எத்தனை மூட்டை, ஒவ்வொரு செடியும் எந்த அளவுப் பையில் எத்தனை அடி உயரம், கூலி எவ்வளவு, மாதப் பராமரிப்பு எவ்வளவு என்று தனித்தனியாக இருந்தது. பை அளவு எழுதாத கொட்டேஷனை வாங்கவே வாங்காதீர்கள், பேசும்போது ஆளுயரச் செடியாக இருக்கும், வந்து இறங்கும்போது முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். நர்சரிக்கு எங்களையும் கூட்டிப்போனார், பையை லேசாக விலக்கி வேரைப் பார்த்தார், உள்ளேயே சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்த செடிகளை, மேலே எவ்வளவு பூ இருந்தாலும், ஒதுக்கிவிட்டார்.

மயில்கொன்றை மரம் (குல்மோகர்) வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள். கட்டடத்தை ஒட்டி வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களைப் பார்த்தவர்கள் அதற்கு மேல் வாதாட மாட்டார்கள். சம்ப்பிலிருந்து தள்ளி ஒரு மகிழம், சுவரோரம் பவளமல்லி, நந்தியாவட்டை. மகிழம் மெதுவாகத்தான் வளர்கிறது, அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

குறை இல்லாமல் இல்லை. போனை எடுக்கவே மாட்டார், சொன்ன தேதிக்கு வர மாட்டார், வரைபடம் என்று தந்தது பேனாவால் போட்ட ஒரு தாள்தான். பெரிய மனை, சரிவான நிலம், மொட்டைமாடித் தோட்டம் என்றால் இவர் போதாது, லேண்ட்ஸ்கேப் வடிவமைப்பு படித்த, கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டிடம் போவதே நல்லது. தோட்ட வடிவமைப்பாளர் என்று சொல்லிக்கொள்ள எந்தப் பதிவும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் கார்டு அடித்துக்கொள்ளலாம். அதனால் யாரை அழைத்தாலும், அவர் போட்டு இரண்டு வருடமாவது ஆன தோட்டம் ஒன்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். நட்ட அன்று எடுத்த போட்டோவில் எல்லாத் தோட்டமும் அழகுதான்.

செடி பட்டுப்போனால் யார் செலவு என்பதையும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். இவர் மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குள் ஒரு இட்லிப்பூச் செடி காய்ந்தது, பராமரிப்புக்கு வந்த பையனே பார்த்துச் சொல்லி அடுத்த முறை புதுச் செடியோடு வந்தான்.