புதுச்சேரியில் பழைய வீடு: வாய்க்காலுக்குக் கிழக்கா, மேற்கா?

புதுச்சேரியின் பழைய நகரத்தைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. வீடு வாங்குபவர் முதலில் கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிழக்கே பிரெஞ்சுப் பகுதி. உயர்ந்த மதில், பெரிய கேட், உள்ளே தோட்டம். கடற்கரைக்கு நடந்தே போகலாம்; அந்த உப்புக்காற்றே கீல், கம்பி எல்லாவற்றையும் அரிக்கும். விலை அதிகம், வார இறுதியில் கூட்டமும் அதிகம். தங்கும் விடுதி நடத்தும் எண்ணமிருந்தால் சரி.

மேற்கே தமிழர் பகுதி. தெருவைப் பார்த்த தாழ்வாரம், திண்ணை, செதுக்கிய கதவு, நடுவில் வெளிச்சம் கொட்டும் முற்றம். சில வீடுகளில் கீழ்த்தளம் அச்சுஅசல் தமிழ் வீடு. மாடியோ வளைவு சன்னல்களோடு பிரெஞ்சுப் பாணி. வைசியாள் வீதியில் இதை வரிசையாகப் பார்க்கலாம்.

குடியிருக்க என்றால் என் ஓட்டு மேற்குக்கே. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மெட்ராஸ் டெரஸ் கூரையில் (மரச்சட்டங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய தட்டைக் கூரை) மர உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். கரையானும் ஈரமும் அங்கேதான் குடியிருக்கும். சுண்ணாம்புச் சுவரில் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் உள்ளே ஈரம் தங்கி, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். அதை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார் வேண்டும், கூலி கூடத்தான் ஆகும்.

அப்புறம் பத்திரம். கூட்டுக்குடும்பச் சொத்து என்றால் பங்காளிகளில் ஒருவர் பிரான்சில் இருப்பது இங்கே சகஜம். எல்லாருடைய கையெழுத்தும் கிடைக்கும் என்று உறுதியான பிறகு விலை பேசுங்கள்.